காலை உணவும் நம் வளாகத்துக் குழந்தைகளும்

2024ஆம் ஆண்டு ஜூலை 15. பெருந்தலைவர் காமராசரின் பிறந்தநாளான அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. தொடக்க விழா நடந்த இடம், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. மறு ஆண்டு 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அத்திட்டம் வந்தபோது, விழா நடந்தது சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில். இரண்டு விழாக்களிலும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் குழந்தைகளோடு அமர்ந்து உண்டார். முதல் விரிவாக்கத்தில் 3,995 பள்ளிகளும், இரண்டாவதில் 2,429 பள்ளிகளும் பயன்பெற்றன. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 5 லட்சத்து 29 ஆயிரம் குழந்தைகள். கிறிஸ்தவ நிர்வாகங்கள் நடத்தும் பள்ளிகளில் படிப்போர் இவர்களில் கணிசமானோர்.

அந்தப் படங்களைப் பார்த்து நாம் மகிழ்ந்தோம். எனினும் நம்மவர் சிலரிடம் ஒரு தயக்கம் இருப்பதையும் மறைப்பதற்கில்லை. அரசின் உணவு நம் பள்ளிக்குள் வரத்தான் வேண்டுமா? ‘சாப்பாட்டுப் பள்ளி’ என்ற பெயர் வந்துவிட்டால், கட்டணம் கட்டக்கூடிய பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட மாட்டார்களா? காலையிலேயே பள்ளியைத் திறக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் நியமன ஒப்புதலுக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படியேறும் நிர்வாகிகளுக்கு இன்னொரு பதிவேடு என்றாலே சோர்வு வருவது இயல்புதான்.

இத்தயக்கத்திற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1954ஆம் ஆண்டின் அமெரிக்கப் பொதுச் சட்டம் 480இன் கீழ் உபரித் தானியங்கள் ஏழை நாடுகளுக்கு வந்தன. இந்தியாவில் அவற்றைப் பங்கிட்ட அமைப்புகளுள் அமெரிக்கக் கத்தோலிக்கரின் சி.ஆர்.எஸ். ஒன்று. இரண்டு கைகள் குலுக்கும் சின்னம் பொறித்த மூட்டைகளும் எண்ணெய் டின்களும் பங்குத்தந்தையின் இல்லத்துத் திண்ணையில் அடுக்கிக் கிடந்ததை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். பால் மாவு கரைத்துக் குடித்த தலைமுறை அது. அந்த உணவு பல உயிர்களைக் காத்தது. ஆனால் பால் மாவுக்கும் கோதுமைக்கும் மதம் மாறியவர்கள் என்ற ஏச்சும் அதோடு சேர்ந்தே வந்தது. உணவைக் கையால் தொட்டாலே உள்நோக்கம் கற்பிப்பார்கள் என்ற அச்சம், நம் நிறுவனங்களின் நினைவில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இன்று வந்திருப்பது வேறு வகை உணவு. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அரசுப் பள்ளிகளோடு அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு தரப்பட வேண்டும் என்றது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்ட உரிமையாகவே ஆக்கிவிட்டது. காலை உணவுக்கு அத்தகைய மத்தியச் சட்டம் இல்லை. அது மாநில அரசு தன் நிதியில் தந்தது. ஆயினும் அடிப்படை ஒன்றே. பெறுபவர் குழந்தை, நம் வாயில் வழியாக அது குழந்தையிடம் போகிறது, அவ்வளவுதான். வழியில் நிற்கும் நாம் அதை ‘ஏற்கலாமா, வேண்டாமா’ என்று விவாதிப்பதே சற்று விந்தையானது. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் சிறுபான்மை உரிமைக்கும் இதனால் பழுதில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை ஆசிரியராக்குவது என்பதில் உப்புமா தலையிடுவதில்லை.

திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931இல் எழுதிய சுற்றுமடல் ஒன்றில், பெரிய அமைப்பு சிறிய அமைப்பின் பணியைப் பறிக்காமல் அதற்குத் துணைநிற்க வேண்டும் என்ற கோட்பாட்டை வகுத்தார். திருச்சபை இதுவரை அதை விடாமல் போதித்து வருகிறது. இத்திட்டம் நடக்கும் விதம் அக்கோட்பாட்டிற்கு ஓரளவு பொருந்துவதாகவே தோன்றுகிறது. ஊர்ப்புறங்களில் சமைப்போர் மகளிர் சுயஉதவிக் குழுவினர். தம் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாயாக இருக்க வேண்டும் என்பது அவர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளுள் ஒன்று. தன் பிள்ளையும் அதே சட்டியிலிருந்துதான் உண்ணும் என்றால், எந்தத் தாயும் பருப்பைக் குறைக்கமாட்டாள்! இதைவிட நல்ல கண்காணிப்பு முறையை எந்த அலுவலகமும் கண்டுபிடித்துவிட முடியாது.

பலனும் தெரிகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மாணவர் வருகை கூடியதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூர்க் காய்கறி என்பது திட்டத்தின் அளவு. இது பெரிய விருந்தல்ல. ஆனால் விடியும் முன்பே வயலுக்கோ, செங்கல் சூளைக்கோ, தீப்பெட்டி ஆலைக்கோ போகும் பெற்றோரின் பிள்ளைக்கு, கரும்பலகையைப் பார்க்கும் தெம்பு அதிலிருந்துதான் வருகிறது. முதல் பாடவேளையில் மேசைமீது தலைசாய்க்கும் பிள்ளையைச் ‘சோம்பேறி’ என்று திட்டிய ஆசிரியர்கள் எத்தனை பேர்!

ஆகவே உதவிபெறும் பள்ளிகளைப் பொறுத்தவரை கேள்வி எளிது. கடினமான கேள்வி, பட்டியலில் இல்லாத குழந்தைகளைப் பற்றியது.

நம் வளாகங்கள் எப்படி அமைந்துள்ளன என்று சற்று எண்ணிப் பாருங்கள். ஆலயம், அருகே உதவிபெறும் தொடக்கப் பள்ளி, அதே சுற்றுச்சுவருக்குள் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவு, அருள்சகோதரிகளின் இல்லத்தையொட்டி எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள், சில ஊர்களில் வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கான காப்பகம். காலை உணவு வகுக்கப்பட்டது 1 முதல் 5ஆம் வகுப்பு வரை, அதுவும் உதவிபெறும் பிரிவுக்கு. எனவே ஒரே வளாகத்தில், ஒரே மணியோசையில், அக்கா தட்டேந்தி அமர்கிறாள், எல்.கே.ஜி. படிக்கும் தம்பி தூணோரம் நின்று பார்க்கிறான். அக்கா தன் தட்டிலிருந்து ஒரு கை எடுத்து ஊட்டினால், கணக்கு எழுதும் ஆசிரியை கண்டும் காணாமல் இருப்பார். அது நல்ல மனம். ஆனால் ஒரு குழந்தையின் பசியை ஆசிரியையின் கண்ணசைவுக்கு விட்டுவிடலாமா?

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்படி, அங்கன்வாடிக்குச் செல்லும் மூன்று வயதுக் குழந்தைக்குச் சூடான மதிய உணவும் முட்டையும் கிடைக்கின்றன. கூலி வேலை செய்யும் ஒரு தாய், தன் மகன் ஆங்கிலம் படித்து முன்னேற வேண்டும் என்ற ஆசையில், அங்கன்வாடியை விட்டு நம் பாலர் வகுப்பில் சேர்க்கிறாள். கட்டணம் கட்டுகிறாள், சீருடை வாங்குகிறாள். அதே நாளில், தன் பிள்ளைக்குக் கிடைத்துவந்த மதியச் சோற்றையும் முட்டையையும் இழக்கிறாள். நாம் அவளிடம் கட்டண விவரத்தைச் சொன்னோம். இந்த இழப்பைச் சொன்னோமா? டப்பாவில் காலையில் வைத்த சோறு உச்சிவேளையில் என்ன ஆகும் என்பது மே மாத வெயிலை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூன் மாதமும் அதற்குச் சளைத்ததல்ல. கல்விப் பணி என்று நாம் பெருமையோடு சொல்லும் ஒன்று, ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடுகிறது என்றால் அது உறுத்த வேண்டிய செய்தி.

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் நம் அன்பியங்களில் இருக்கிறார்கள். பாட்டியென்றும் அத்தையென்றும் அழைக்கப்படும் அவர்கள், வாங்கும் சிறு தொகையில்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் வைக்கிறார்கள். எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் அவர்கள் வீடு இல்லை.

தொடக்கத் திருச்சபையிலும் இத்தகைய பட்டியல் சிக்கல் எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் விடுபட்டுப்போனார்கள். முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அம்முணுமுணுப்பை அடக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள், ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், கைகளை அவர்கள்மீது வைத்து இறைவேண்டல் செய்தார்கள். அந்த எழுவரின் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள்: எல்லாமே கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் தரப்பிலிருந்தே பந்திக்குப் பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுவது இதனால்தான். சோறு பரிமாறுவதற்கு ஆள் நியமிக்கக் கைகளை வைத்துச் செபித்த சபை அது! நம் பங்குப் பேரவைகளில் எத்தனை முறை குழந்தைகளின் உணவு நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றிருக்கிறது?

பந்தி என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவை உண்ணக் கூடாதென்று சில பெற்றோர் தம் பிள்ளைகளைத் தடுத்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அதிகாரிகளும் அங்கு சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்ட பிறகே நிலைமை தணிந்தது. அது ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நம் பள்ளியல்ல. அப்படிச் சொல்லித் தப்பிவிட முடியுமா? தனிக் கல்லறைகளும் தனி இருக்கைகளும் இருந்த வரலாறு நமக்கும் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை ஆவணமே வெளியிட நேர்ந்தது. யார் சமைத்தாலும் எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் இடம் நம் வளாகத்தில் தினமும் காலையில் உருவாகிறது என்றால், அதைத் தொல்லை என்று பார்ப்பதற்குப் பதில் மறைக்கல்வி என்றே பார்க்கலாம். உடல்நலக் காரணமின்றி, ‘என் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்’ என்று எழுதிக்கொடுக்கும் பெற்றோரிடம் தலைமையாசிரியரோ பங்குத்தந்தையோ ஒரு நாள் மனம்விட்டுப் பேசுவது நல்லது.

சரி, பட்டியலில் இல்லாத குழந்தைகளுக்கு என்ன செய்வது? கணக்கைப் பார்ப்போம். 2022இல் திட்டம் தொடங்கியபோது ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ரூ.12.75 செலவாகும் என்று அரசு சொன்னது. விலைவாசி ஏறியிருப்பதையும், சிறிய அளவில் சமைத்தால் செலவு கூடும் என்பதையும் கருதி 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாலர் வகுப்பில் 40 குழந்தைகள் என்றால் நாளுக்கு 800 ரூபாய். ஆண்டுக்கு 210 பள்ளி நாள்கள் என்றால் 1,68,000 ரூபாய். ஒரு நடுத்தரப் பங்கிற்கு இது சிறிய தொகையல்ல. ஆனால் பத்து நாள் திருவிழாவுக்கு மின்விளக்கு அலங்காரம், வாணவேடிக்கை, இன்னிசைக் கச்சேரி என்று வசூலிக்கும் பங்குகளுக்குத் தெரியாத தொகையும் அல்ல. திருவிழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் வாணவேடிக்கையைக் குறைத்தால் எத்தனை நாள் பொங்கலும் சாம்பாரும் கிடைக்கும் என்று பங்குப் பேரவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறந்தநாள், திருமண நாள், இறந்தோர் நினைவு நாள் என ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாள் செலவை ஏற்றால் 210 குடும்பங்கள் போதும்.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. அரசு தரும் தானியத்தில் கைவைத்துப் பட்டியலில் இல்லாதவர்களுக்குப் பகிரக் கூடாது. நோக்கம் நல்லதாயினும் கணக்கு தவறும். பழி நிர்வாகத்தின் மேல் விழும். பழைய ஏச்சுக்கு நாமே உயிர் கொடுத்தவர்களாவோம். நம் பணம், நம் அரிசி, தனிப் பதிவேடு என்று இருப்பதே முறை. சமைப்பதற்கு அதே சுயஉதவிக் குழுப் பெண்களைக் கூடுதல் ஊதியத்திற்கு அமர்த்த முடியுமா என்று உள்ளூர் அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மதத்தைப் பார்த்து எந்தக் குழந்தையையும் பிரிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. நம் பாலர் வகுப்புகளில் படிப்போரில் பலர் இந்து, இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளைகள்.

கட்டணப் பெற்றோர் போய்விடுவார்களோ என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, சிலர் போகக்கூடும். அதை மறுக்க முடியாது. திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட ‘திலெக்சி தே’ என்னும் ஊக்கவுரை, ஏழைகளுக்குக் கல்வி தருவது நாம் காட்டும் சலுகையல்ல, கடமை என்று கூறுகிறது. அந்தக் கடமைக்காகத்தான் நம் முன்னோர் ஓலைக் கொட்டகைகளில் இப்பள்ளிகளைத் தொடங்கினார்கள். ‘சாப்பாட்டுப் பள்ளி’ என்ற பெயர் அவர்களைச் சுட்டிருக்காது.

பங்குகளின் முயற்சி எல்லா இடத்திற்கும் போதாது. வறட்சி மாவட்டங்களிலும் மலைப்பகுதிகளிலும் உள்ள சிறிய பங்குகளால் 1,68,000 ரூபாயைத் திரட்ட இயலாது. அங்கே மறைமாவட்டச் சமூகப்பணி மையம் கைகொடுக்க வேண்டியிருக்கும். அதோடு, குறைந்த கட்டணம் வாங்கும் பாலர் வகுப்புகளையும் காப்பகங்களையும் உணவுத் திட்டத்தில் சேர்க்கும்படி கல்வி நிர்வாகங்கள் கூட்டாக அரசிடம் கேட்கலாம். குழந்தைகளின் எண்ணிக்கை, பெற்றோரின் தொழில், பெறும் கட்டணம் ஆகியவற்றை மறைத்துவைக்காமல் வெளிப்படையாகக் காட்டினால்தான் அக்கோரிக்கை எடுபடும். மாநில நிதிநிலை அறிக்கை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. விவரங்களைத் திரட்டும் வேலையை ஜூன் மாதம் பள்ளி திறந்த உடனே தொடங்கினால், கிறிஸ்துமசுக்கு முன் மனு ஆயத்தமாகிவிடும்.