படம் ஒன்று, தரம் ஊருக்கொன்று

2008இல் வந்த ‘தசாவதாரம்’ கடலூர் மாவட்டத்துக்கு இரண்டு வகையில் நெருக்கமான படம். அதன் தொடக்கம் 12ஆம் நூற்றாண்டுச் சிதம்பரம். கோவிந்தராஜர் சிலையோடு சேர்த்துக் கட்டப்பட்ட ரங்கராஜன் நம்பி கடலில் வீசப்படுகிறார். முடிவு 2004 டிசம்பர் 26 சுனாமி. கடலூர்க் கரை அந்த அலையை நேரிலேயே கண்டது. படத்தின் இரு முனையிலும் கடல். வீட்டுத் திரையின் தரத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. இணையத்தில் ஓடும் படம் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக அனுப்புவதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் கணக்கிட்டு அனுப்புகிறது. சுவர், வானம், உட்கார்ந்து பேசும் மனிதர் என்றால் மாற்றம் குறைவு, செலவும் குறைவு. கடல் நுரையில் மாறாத புள்ளி ஒன்றுகூட இல்லை. இணைப்பின் வேகம் போதாதபோது நுரையின் விளிம்பு சின்னச் சின்னக் கட்டங்களாக உடையும். அலை ஒரு நொடி மெழுகுபோல் வழுக்கிப் போகும். நீர் அடங்கியதும் எதுவுமே நடக்காததுபோல் படம் தெளிந்துவிடும். கோளாறு தொலைக்காட்சியில் இல்லை. அந்த ஒரு நொடிக்குத் தேவையான தரவு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். மழைப் பாட்டு, தேர்த் திருவிழாக் கூட்டம், தூவும் பூ, ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். படகில் போன பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் இலைக் கூட்டம் என்று தமிழ் சினிமா விரும்பிக் காட்டுபவை பலவும் இந்தக் கணக்கில் செலவு கூடியவை.

எவ்வளவு தரவு என்பதை எண்ணில் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். 1080பி அளவில், நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 1,200 மெகாபிட் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் அந்தத் தெளிவுக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகம் 5 மெகாபிட். 4கேக்கு 15 மெகாபிட். ப்ளூ ரே வட்டில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை போகலாம். 2016இல் வந்த 4கே ப்ளூ ரேயில் மொத்த வேகம் 128 மெகாபிட் வரை ஏறும். வட்டிலும் சுருக்கிய படம்தான் இருக்கிறது, அதில் மாயம் எதுவும் இல்லை. இடம்தான் தாராளம். இரண்டரை மணி நேரப் படத்தை 5 மெகாபிட்டில் அனுப்பினால் மொத்தமே 5.6 ஜிபி, இரண்டு அடுக்கு ப்ளூ ரேயில் 50 ஜிபி இடம் காத்திருக்கிறது. ஒலியிலும் இதே கதைதான். ஸ்டுடியோவில் கலந்த ஒலியை ப்ளூ ரே துளி இழப்பின்றி வைத்திருக்க முடியும். நெட்ஃபிளிக்ஸ் தன் உயர்தர அட்மாஸ் ஒலிக்கு அறிவித்திருக்கும் உச்சமே நொடிக்கு 768 கிலோபிட்.

இருட்டுதான் இதில் அதிகம் அடிபடுவது. பி.சி. ஸ்ரீராம் ‘நாயகன்’ படத்துக்குத் தேசிய விருது பெற்றது, வெளிச்சத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்ததால். பாதி முகம் நிழலில் கிடக்கும். நிழலுக்குள்ளும் கண் இருக்கும். தரவு குறையும்போது சுருக்கும் மென்பொருள் முதலில் கைவைப்பது இந்த நிழலில்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்று அது கணக்குப் போடுகிறது. விளைவு, விளக்கைச் சுற்றி மெல்ல மங்க வேண்டிய ஒளி மரத்தின் ஆண்டு வளையம்போல் வட்டம் வட்டமாகப் பிரிந்து நிற்கும்; நிழலுக்குள் இருந்த கண் கறுப்புத் திட்டாகிவிடும். பழைய படச்சுருளுக்கே உரிய மணல்போன்ற துகளையும் அது அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுகிறது. அதோடு தோலின் சுருக்கமும் துணியின் நெசவும் போய்விடும். ஒளிப்பதிவாளர் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த முடிவுகளை, அன்று மாலை இணைப்பு எப்படி இருந்தது என்பது மாற்றி எழுதிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ஊர் உள்ளே வருகிறது. ஓடிடியில் தரம் நிலையாக இருப்பதில்லை. இணைப்பு தளர்ந்தால் தரமும் தானாக இறங்கும். படம் நின்று சுழல்வதைவிட மங்கலாக ஓடுவது மேல் என்பது அதன் கொள்கை. சென்னையில் நல்ல கண்ணாடி இழை இணைப்பு உள்ளவருக்கும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் மின்கம்பம் வழியாக வரும் கம்பியை நம்பியிருப்பவருக்கும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் கைபேசித் தரவில் பார்க்கும் மாணவருக்கும் சந்தா ஒன்றாக இருக்கலாம். கிடைக்கும் படம் ஒன்றல்ல. நாளைக்கு 2 ஜிபி தரவுள்ள கைபேசித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்த நாளின் தரவு முழுவதையும் ஒரே இரண்டரை மணி நேரப் படத்துக்குக் கொடுத்தாலும் நொடிக்கு 1.8 மெகாபிட்கூட வராது. தானே புயல் 2011 டிசம்பரிலும் ஃபெஞ்சல் 2024 இறுதியிலும் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டன. கம்பத்தில் தொங்கும் எதுவும் இங்கே ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டியாக வேண்டும். வட்டுக்கு இந்தக் கவலை கிடையாது. லண்டனில் தமிழ்க் குடும்பம் பார்க்கும் அதே பிட், அதே வேகத்தில், பரங்கிப்பேட்டையிலும் ஓடும்.

தரத்தை நிர்ணயிப்பது நம் கையில் இல்லை என்பதற்கு 2020 மார்ச் சாட்சி. ஊரடங்கில் இணைய நெரிசலைக் குறைக்க, இந்தியாவில் ஓடிடி நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பேசி, கைபேசி இணைப்பில் 480பிக்கு மேல் காட்டுவதில்லை என்று ஏப்ரல் 14 வரை முடிவெடுத்தன. அன்றைய சூழலில் அது சரியான முடிவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மக்கள் வீட்டிலேயே அடைந்து அதிகம் படம் பார்த்த நாட்களில், காசு கட்டிய தரம் ஒரு கூட்டத்தின் முடிவால் குறைந்தது. சாதாரண நாட்களிலும் தரம் படிக்கட்டு போட்டு விற்கப்படுகிறது. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்திய விலையைக் குறைத்தபோது 149, 199 ரூபாய்க்கு 480பி, 499க்கு 1080பி, 649க்கு 4கே என்று வகுத்தது. இந்த எண்கள் சொல்வது படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை மட்டுமே. அந்தப் புள்ளிகளை நிரப்ப எவ்வளவு தரவு தரப்படும் என்று எந்தப் படிக்கட்டிலும் எழுதப்படவில்லை. பெரிய பாத்திரத்தைக் காட்டிவிட்டுச் சோற்றின் அளவைச் சொல்லாமல் விடுவது போன்றது இது.

புதிய சுருக்கு முறைகள் பழைய வட்டை வென்றுவிட்டன என்று ஓர் எதிர்வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. சாதாரண ப்ளூ ரேயில் பரவலாக இருக்கும் எச்.264 முறை 2003இல் உருவானது. இன்று ஓடிடி பயன்படுத்தும் எச்இவிசி, ஏவி1 முறைகள் ஏறத்தாழப் பாதித் தரவிலேயே அதே தெளிவைத் தரக்கூடியவை. நிறம் செறிந்த 4கே ஓடிடி படம், நல்ல இணைப்பில், பழைய 1080பி வட்டைவிட அழகாகத் தெரிவதும் உண்டு. டிவிடியைப் பொறுத்தவரை ஓடிடி சந்தேகமின்றி மேல். ஆனால் 4கே ப்ளூ ரேயும் அதே எச்இவிசி முறையில்தான் எழுதப்படுகிறது, பல மடங்கு தரவோடு. முறை சமமாகிவிட்டால் மிஞ்சுவது அளவு மட்டும்.

நம் ஊரில் வட்டு ஒருபோதும் தரத்துக்குப் பேர் போனதில்லை என்பது இதைவிடக் கனமான வாதம். மறுக்க முடியாது. விசிடியில் படத்துக்குக் கிடைத்தது 1.15 மெகாபிட், 2006க்குப் பின் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலத் தொலைக்காட்சியில் அந்தக் குறை மறைந்தது. 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, திருட்டு வட்டின் விலையோடு நேருக்கு நேர் மோதியது. பெட்டிக்கடை வரை அசல் வட்டைக் கொண்டுபோன துணிச்சல் அது. 2018இல் அந்த நிறுவனம் கலைப்புக்கு வந்தது. ஒரே வட்டில் மூன்று படம் திணித்தது, தேய்ந்த பிரதியிலிருந்து படம் எடுத்தது, மூலையில் நிறுவன முத்திரையை நிரந்தரமாக ஒட்டியது என்று தமிழ் வட்டுத் தொழில் தனக்குத்தானே செய்துகொண்ட கேடு நிறைய. இவை எல்லாம் வட்டில் எதை எழுதினோம் என்பதன் குற்றம். 14 அங்குலம் இருந்த கூடத்தில் இன்று 43, 55 அங்குலம் நிற்கிறது. அதற்குத் தகுந்த வட்டு தமிழ்ப் படங்களுக்கு வருவதுதான் அரிதாகிவிட்டது. சாதாரணப் பார்வையாளருக்கு வித்தியாசம் தெரியாது என்று சொல்கிறவர்கள், அவருக்குத் தரமான பிரதியை ஒருமுறையாவது காட்டிவிட்டா அதைச் சொல்கிறார்கள்?

தரம் என்பதில் படம் முழுதாகக் கைக்குக் கிடைப்பதும் அடங்கும். 1993இல் இந்த மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த ராஜாக்கண்ணு சாவை வைத்து எடுத்த ‘ஜெய் பீம்’ 2021 நவம்பர் 2 அன்று நேரடியாக அமேசான் பிரைமில் வந்தது. ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய காலண்டருக்கு எதிர்ப்பு எழுந்ததும் அந்தக் காலண்டர் படத்திலேயே மாற்றப்பட்டது. மாற்றியது சரியா தவறா என்பது வேறு விவாதம். வெளியான முதல் வடிவத்தை ஓர் ஆய்வாளர் பார்க்க விரும்பினால் அவர் எங்கே போவார் என்பது மட்டுமே என் கேள்வி. ‘அன்னபூரணி’ 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து முழுதாகவே எடுக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்த வட்டை யாரும் இரவோடு இரவாக வந்து திருத்த முடியாது.

வட்டு வந்தால் திருட்டு பெருகும் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தில் சேர்க்கும் அளவுக்கு 2004இல் நிலைமை முற்றியிருந்ததால் அந்த அச்சம் புரிகிறது. இன்றைய திருட்டுப் பிரதிக்கு வட்டு தேவையே இல்லை. ஓடிடியில் வந்த சில மணி நேரத்தில் அங்கிருந்தே எடுத்துவிடுகிறார்கள். வட்டை நிறுத்தியதில் திருடர் யாரும் தொழிலை விடவில்லை, காசு கொடுக்கத் தயாராக இருந்தவருக்குத்தான் கடை மூடியது. கடலூரின் உப்புக் காற்றும் ஈரமும் வட்டுக்கு ஆகாது என்பதும் உண்மை. உள்ளிருக்கும் மெல்லிய உலோகப் படலம் அரித்துவிட்டால் படம் போயிற்று. உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும், விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். புத்தகத்துக்குச் செய்யும் பராமரிப்பைவிட இது பெரிய வேலை இல்லை. பிளேயர் விலையும் வட்டின் விலையும் எல்லோருக்கும் கட்டாது என்பதுதான் நியாயமான தடை. எல்லா வீட்டிலும் வட்டு வேண்டும் என்று கேட்பது என் நோக்கமும் அல்ல. அன்றாடம் பார்ப்பதற்கு ஓடிடி போதும். அதன் வசதியை யாரும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆனால் ஒவ்வொரு நல்ல படத்துக்கும் முழுத் தரத்தில் ஒரு பிரதி, மக்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். தயாரிப்பாளர் சில ஆயிரம் வட்டுகளாவது அச்சிடட்டும். ஓடிடி நிறுவனங்கள் புள்ளிக் கணக்கோடு தரவுக் கணக்கையும் சந்தா ரசீதில் சொல்லட்டும். மெதுவான இணைப்புக்காரர் இரவு முழுக்கத் தரவிறக்கி மறுநாள் உச்சத் தரத்தில் பார்க்க வழி திறக்கட்டும். வீட்டில் வாங்க முடியாதவருக்காக மாவட்ட மைய நூலகமும் பல்கலைக்கழக நூலகமும் வட்டுகளை வாங்கி இரவல் தரட்டும், பார்ப்பதற்கு ஓர் அறையும் ஒதுக்கட்டும். கடலூரில் இதை ஜெயகாந்தனிடமிருந்து தொடங்கலாம். 1934இல் கடலூரில் பிறந்தவர், ‘உன்னைப்போல் ஒருவன்’ என்ற தன் கதையைத் தானே படமாக இயக்கி 1965இல் தந்தவர். அவருடைய நாவலை நூலக அட்டையைக் காட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அவர் இயக்கிய படத்தையும், நல்ல பிரதியிலிருந்து எடுத்த வட்டாக, அதே அட்டையில் பதிவு போட்டு எடுத்துப் போக முடிய வேண்டும்.