அரிசி டப்பாவை மூடுங்க சாமி!

மும்பையில மழை வலுத்தா ரெண்டு விஷயம் நிச்சயம். சயான் பக்கம் தண்டவாளம் முழுகும். எங்கேயோ ஒரு வீட்டுல நனைஞ்ச போனை அரிசிக்குள்ள புதைப்பாங்க. முதலாவதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவதை இன்னிக்கே நிறுத்தலாம்.

போன வருஷம் நானும் புதைச்சவன்தான். இடுப்பளவு தண்ணியில நடந்து வீடு வந்தேன். பேண்ட் பாக்கெட்ல போன். ஸ்கிரீன் எரிஞ்சுது. "அரிசியில வைங்க மாப்ளே, சரியாயிடும்"னு ஊர்லேர்ந்து அத்தை. தங்கமணியும் டப்பாவைத் திறந்துட்டாங்க. ரெண்டு நாள் பொன்னிக்குள்ள தூங்கின போன், மூணாம் நாள் சார்ஜர் சொருகினதும் ஒரேயடியா அடங்கிடுச்சு.

லேமிங்டன் ரோடு கடைக்காரர் பிரிச்சுக் காட்டினார். போர்டு பூரா பச்சைக் களிம்பு. "அன்னிக்கே கொண்டாந்திருக்கணும், சாப்." அதுல எங்கப்பா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருந்துது. "சாப்பிட்டியாப்பா?", அவ்வளவுதான். அப்பா இப்ப இல்ல. பேக்கப்பும் எடுக்கல.

யோசிச்சுப் பாருங்க மக்களே. அரிசி தண்ணியில போட்டாத்தான் ஊறும். பக்கத்துல சொம்பை வச்சா ஊறுமா? அரிசியிலயே 12-14 சதவீதம் ஈரம் இருக்கு. பசை போட்டு ஒட்டின போனுக்குள்ள இருக்கிற ஈரத்தை அது எப்படி உறிஞ்சும்? அப்படியே உறிஞ்சினாலும் தண்ணியில கரைஞ்ச உப்பும் அழுக்கும் உள்ளேதான் நிக்கும். மின்சாரம் ஓடும்போது அந்த உப்புத் தண்ணிதான் செம்பை அரிக்குது. போனைக் கொல்றது ஈரம் மட்டுமில்ல, ஈரத்தோட ஓடுற கரண்ட்.

"என் போன் அரிசியில வச்சுப் பொழைச்சுதே"ன்னு சண்டைக்கு வராதீங்க. மேஜை மேல சும்மா வச்சிருந்தாலும் பொழைச்சிருக்கும். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. 2024-ல ஆப்பிள் கம்பெனியே அரிசியில வைக்காதீங்க, துகள் உள்ள போய்க் கெடுக்கும்னு எழுதிட்டாங்க.

அரிசியோட பெரிய பாவம் எது தெரியுமா? "ஏதோ பண்ணிட்டோம்"னு நிம்மதி குடுத்து, முதல் நாளைத் திருடிடுது. அந்த நாள்லதான் வேலையே இருக்கு:

1. உடனே ஆஃப் பண்ணுங்க. வேலை செய்யுதான்னு பார்க்காதீங்க.

2. சார்ஜர் பக்கமே போகாதீங்க.

3. கவர், சிம் தட்டு கழட்டி, துடைச்சு, சார்ஜ் துளை கீழ பார்க்க மெல்லத் தட்டுங்க.

4. ஃபேன் காத்துல வைங்க. ஹேர் டிரையர் வேண்டாம், சூடு பேட்டரிக்கு ஆகாது.

5. நல்லா முழுகியிருந்தா அன்னிக்கே பிரிக்கத் தெரிஞ்சவர்கிட்ட குடுங்க. பேட்டரி இணைப்பை எடுத்துட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல போர்டைக் கழுவுவார்.

ஐபி68 போன், பயமில்லைன்னு சொல்றீங்களா? அது லேப்ல, சுத்தமான தண்ணியில பண்ற சோதனை. போன் பழசாக ஆக அந்தக் காப்பும் தேயும். வாரண்டி அட்டையைப் படிங்க, தண்ணி புகுந்தா பெரும்பாலும் கை விரிச்சிடுவாங்க.

ஊரை விட்டு வந்த நமக்கு அப்பா அம்மா குரல் இருக்கிறது அந்த டப்பாக்குள்ளதான். போன் போனா வேற வாங்கிக்கலாம். இன்னிக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துடுங்க.

டிஸ்கி: சாக்கடைத் தண்ணி பட்ட அந்தப் பொன்னியையும் கொட்டிட்டோம். மாட்டுங்காவுல அது விக்கிற விலைக்கு அதுவும் நஷ்டம்தான்.