நாற்காலிக்கு முன்னால் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை டவுன்ஹால் பக்கம் ஒரு வேலை. அக்கா மகன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வேலை முடிந்ததும் காபி வாங்கிக் கொடுத்தான். அவன் காபி வாங்கித் தருகிறான் என்றால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"மாமா, நூறு பேர் உட்கார்ற மாதிரி சின்னதா ஒரு ஹால் கட்டலாம்னு இருக்கறனுங்க. வாரம் ஒரு படம், மாசம் ஒரு கச்சேரி. நீங்க ஒரு ரெண்டு லட்சம் போட்டீங்கன்னா, மத்தவங்ககிட்டயும் தைரியமாக் கேப்பேன்."

செல்போனைத் திருப்பிக் காட்டினான். முகப்பு, மேடை, நாற்காலி மெத்தையின் நிறம் வரைக்கும் படம் போட்டு வைத்திருந்தான். எல்லாம் அழகு. வரப்போகிற நூறு பேர் யார் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"காபியக் குடி மாப்ளே, நடந்துட்டு வரலாம்" என்றேன்.

நாற்காலி முதலிலா, ஆள் முதலிலா என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கோயம்புத்தூரில் கிடையாது. ஊர் பணம் போட்டு எழுப்பிய மண்டபம் இந்தப் பக்கம். ஒற்றை ஆள் உழைப்பில் ஒரு மண்டபம் எழுந்த இடம் கொஞ்ச தூரத்தில் அந்தப் பக்கம்.

முதலாவது டவுன்ஹால். விக்டோரியா மகாராணியின் பொன்விழா நினைவாக 1892-ல் கட்டியது. பத்திரிகைக்காரரான சே.ப. நரசிம்மலு நாயுடு போன்றவர்கள் முன்னே நின்றார்கள். பெரிய மனிதர்கள் பணம் கொடுத்தார்கள். அந்த நாளில் மண்டபம் கட்ட அதுதான் வழி. கொடுப்பவருக்கு மதிப்பு, ஊருக்குக் கட்டடம். லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்கப் போவதில்லை. மாநகராட்சி மன்றக் கூட்டம் நடப்பது இன்றும் அங்கேதான்.

இரண்டாவது, வெரைட்டி ஹால். இன்றைக்குப் பலருக்கு அது ஒரு ரோட்டின் பெயர் மட்டும்தான். அந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்தது ஒரு சினிமா தியேட்டர். 1914-ல் அதைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

இவர் ஜமீன்தாரும் இல்லை, மில் முதலாளியும் இல்லை. திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை. சம்பளம் மாதம் 25 ரூபாய். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே திருச்சிக்கு வந்து, உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப நினைத்தார். அவருடைய புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் வாங்கிக்கொண்டார். விலை 2,000 ரூபாய்க்குக் குறையாது. இருபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள்: எண்பது மாதச் சம்பளம். ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் ஆறரை வருஷத்துக்கு மேல் சேர்த்தால் கிடைக்கிற தொகை. வயது அப்போது இருபத்திரண்டு.

"அப்ப அவரும் ரிஸ்க் எடுத்தாருல்லங்க மாமா?" என்றான் பையன், கண் மின்ன.

எடுத்தார். ஆனால், அவர் கட்டடம் கட்டவில்லை, கூடாரம் அடித்தார். பிரித்து மூட்டை கட்டி ரயிலில் ஏற்றுகிற கூடாரம். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிற மௌனப் படம். ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுருளும் அதில் ஒன்று. தமிழ்நாட்டில் தொடங்கி லாகூர், பெஷாவர், ரங்கூன் என்று போனார். 1909-ல் மெட்ராஸ் எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார்.

எதற்கு இவ்வளவு அலைச்சல்? இங்கேதான் இந்தத் தொழிலின் கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் படச்சுருளை வாடகைக்கு எடுப்பதில்லை, விலைக்கே வாங்குவார்கள். கையில் இருப்பது நாலைந்து சுருள். ஓர் ஊரில் எல்லோரும் பார்த்து முடித்ததும் அதே படத்துக்குப் புது ஆள் வேண்டும். ஆகவே அடுத்த ஊர். கூடாரத்தில் படம் மாறாது, ஜனம் மாறும்.

கட்டடத்தில் இது அப்படியே தலைகீழ். ஜனம் மாறாது, படம்தான் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். செங்கல், சுண்ணாம்புக்குப் பணம் திரட்டிவிட்டு, அடுத்த வாரம் என்ன காட்டுவது என்று தெரியாமல் விழித்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். வின்சென்ட் இதைப் புரிந்துகொண்டவர். பிரான்சின் பாதே கம்பெனிப் பொருள்களை விற்கும் ஏஜென்சி அவர் கைக்கு வந்தது. எந்த ஊரில் எந்தப் படத்துக்குக் கூட்டம் கூடும் என்பதை டிக்கெட் விற்ற கையே சொல்லிக் கொடுத்திருந்தது. கூடாரத்தில் ஒன்பது வருஷம் படித்துவிட்டுத்தான் சுவர் எழுப்ப வந்தார்.

பெயரைக்கூடப் பாருங்கள், 'வெரைட்டி'. பாட்டு, ஆட்டம், வித்தை எல்லாம் கலந்த காட்சிக்கு அன்றைய இங்கிலீஷில் அதுதான் பெயர். ஒரே சரக்கை நம்பிக் கடை போடாத ஆள். பைகாரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைக்கு வந்ததே 1930-களில்தான். அதற்கு முன்னால் தியேட்டருக்குச் சொந்தமாக இன்ஜின் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். படம் ஓடாத நேரத்தில் இன்ஜின் எதற்குச் சும்மா நிற்க வேண்டும்? மின்சாரத்தில் ஓடும் அச்சகம் போட்டார். கடைசியில் படம் எடுக்கவும் இறங்கிவிட்டார், டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' 1933-ல் வந்தது.

டவுன்ஹாலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊருக்குப் பொதுவான கூடத்தை ஊர்தான் கட்ட வேண்டும். ஆனால், நன்கொடை கொடுத்தவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்க்காமலே இருந்துவிடலாம். அவர் கடமை கொடுத்த அன்றே முடிந்தது. டிக்கெட் வாங்கினவர் அடுத்த வாரமும் வந்தாக வேண்டும். கூடாரத்தில் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள்தான் வெரைட்டி ஹாலின் பங்குதாரர்கள். அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை, அவ்வளவுதான்.

ரோட்டின் கடைசி வரை நடந்துவிட்டோம். வெரைட்டி ஹால் தியேட்டர் 'டிலைட்' என்று பெயர் மாறியே பல காலம். ரோடு மட்டும் பழைய பெயரை விடவில்லை.

"ஒண்ணு பண்ணு மாப்ளே" என்றேன். "கட்டடம் இருக்கட்டும். ஒரு மொட்டை மாடி, வாடகைக்கு ஒரு புரொஜக்டர், ஐம்பது பாய். நாலு வாரம், நாலு படம். அஞ்சாவது வாரம் அதே ஐம்பது பேரு வந்தாங்கன்னா, ரெண்டு லட்சத்துக்கு செக் எழுதறேன்."

பையன் முகம் சுண்டிவிட்டது. வீடு வரைக்கும் வாய் திறக்கவில்லை. கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை ராத்திரி போன் வந்தது. "மாமா, சனிக்கிழமை ஏழு மணிக்கு, நம்ம வீட்டு மாடியில. அம்பது ரூபா டிக்கெட்டுங்க."

"எனக்குமா?"

"உங்களுக்குத்தானுங்க முதல் டிக்கெட்டே."