வகுப்பறைக் கதவு இருபுறமும் திறக்கட்டும்

பீதித் தாக்குதல் பெரும்பாலும் 5 முதல் 20 நிமிடங்களுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது. அது மீண்டும் வந்துவிடுமோ என்று அஞ்சி ஒரு மாணவர் இழக்கும் வகுப்புகளோ ஒரு பருவத்தையே விழுங்கிவிடுகின்றன. இந்த நோயைக் காட்டிலும் அதைச் சுற்றி நாம் அமைத்துக்கொண்டிருக்கும் இரண்டு வழக்கங்களே பல மாணவர்களின் படிப்புக்குக் கேடாக முடிகின்றன என்பது என் கருத்து. ஒன்று, வீட்டாரின் பரிவு. மற்றொன்று, கல்லூரியின் வருகைப் பதிவு விதி.

மாணவர்கள் ‘பேனிக் அட்டாக்’ என்று சொல்வதும், பெற்றோர் ‘படபடப்பு’, ‘மூச்சு முட்டுகிறது’, ‘நெஞ்சை அடைக்கிறது’ என்று சொல்வதும் பல வேளைகளில் ஒன்றையே குறிக்கின்றன. முன்னறிவிப்பின்றி இதயம் வேகமாகத் துடிக்கிறது, காற்றுப் போதாதது போலிருக்கிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, கண் இருட்டுகிறது, இறந்துவிடுவோம் அல்லது சித்தம் கலங்கிவிடும் என்ற அச்சம் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டுகிறது. அவசரப் பிரிவுக்கு ஓடி இ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்கிறார்கள். அந்தச் சொல் பெற்றோருக்கு ஆறுதல். மாணவருக்கோ அது பொய்யன் என்ற பட்டம்.

ஒன்றுமில்லை என்பது சரியன்று. இதயத்தில் பழுதில்லை என்பதே சரி. ஆபத்து நேரும்போது ஓடவும் போராடவும் உடலை ஆயத்தப்படுத்தும் அட்ரினலின் இங்கே ஆபத்தில்லாத வேளையில் சுரக்கிறது. மூச்சு வேகமாகும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அந்த உணர்வுகளை மனம் மாரடைப்பென்று படித்துக்கொள்ள, அச்சம் கூடுகிறது. அச்சம் கூட, துடிப்பும் கூடுகிறது. டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986இல் இந்தச் சுழலைத் தெளிவாக விளக்கினார். இன்றைய உளவியல் சிகிச்சை பெரிதும் அந்த விளக்கத்தின்மீதே நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கலந்துகொண்ட வீரர்களிடம், இதயத்தில் பழுதேதும் காணாமலே இத்தகைய படபடப்பு இருந்ததை 1871இலேயே டா கோஸ்டா என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். போர்க்களம் கண்டவர்களுக்கும் வந்த ஒன்றைக் கோழைத்தனம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இந்தத் தொல்லை பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோதான் தொடங்குகிறது. அதாவது, கல்லூரிக் காலத்தில். வகுப்பறையின் அமைப்பும் அதற்குத் தோதாகவே இருக்கிறது. நீண்ட பெஞ்சின் நடுவில் அமர்ந்தவர் வெளியே செல்ல வேண்டுமானால் நான்கு பேர் எழுந்து வழிவிட வேண்டும். ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும். அறுபது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். எளிதில் வெளியேற முடியாது என்ற எண்ணமே தாக்குதலுக்கு விதையாகிவிடுகிறது.

அதன் பிறகு நடப்பதுதான் கவலைக்குரியது. முதலில் அந்த ஒரு பாடவேளை மட்டும் தவிர்க்கப்படுகிறது. பிறகு ஆய்வக வாய்மொழித் தேர்வு. பிறகு கூட்டம் நிறைந்த பேருந்து. கடைசியில் வீட்டு வாசலே எல்லையாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது. “நல்லவேளை, போகவில்லை, போயிருந்தால் வந்திருக்கும்” என்று மூளை அந்த நிம்மதியிலிருந்து பாடம் கற்றுக்கொள்கிறது. இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அது கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை.

இவ்விடத்தில்தான் வீட்டாரின் பரிவு தடம் மாறுகிறது. விடுதியிலிருந்து பிள்ளை அழுதுகொண்டே பேசினால், “உடனே கிளம்பி வந்துவிடு” என்று சொல்லாத தாய் உண்டா? அது அன்பின் சொல்லே. ஆயினும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் வீடு திரும்புவதே மருந்தானால், வகுப்பறை ஆபத்தான இடம் என்ற பிழையான தீர்ப்புக்கு நாமும் கையெழுத்திடுகிறோம். பெண்பிள்ளையாக இருந்தால், “படிப்பு ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வரன் பார்த்துவிடலாம்” என்று பேச்சு வேறு திசைக்கும் போய்விடுகிறது. மறுபுறம், “மனத்தைத் திடமாக வைத்துக்கொள், எல்லாம் உன் நினைப்புத்தான்” என்று அதட்டுவதும் உதவாது. திடமில்லாததால் வந்ததன்று இது.

வேறு விதமாகப் பேச முடியும். “பத்து நிமிடம் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அடங்கியதும் முகம் கழுவிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போ. மாலையில் மறுபடியும் பேசுவோம்” என்று சொல்லலாம். இதில் பரிவும் இருக்கிறது, திரும்பிச் செல்லும் வழியும் இருக்கிறது.

ஆனால் திரும்பிச் செல்லக் கல்லூரி இடம் தர வேண்டுமே! நம் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 75 விழுக்காடு வருகை கட்டாயம். 90 வேலைநாள் கொண்ட பருவத்தில் 22 நாள்களுக்கு மேல் விடுபட்டால் தேர்வு நுழைவுச் சீட்டுக்கே இடையூறு. வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டில் தங்கும் மாணவருக்குப் பதினொரு வாரத்தில் அந்த 22 நாள்களும் தீர்ந்துவிடும். விதி தவறென்று நான் சொல்லவில்லை. வகுப்புக்கு வரவேண்டும் என்று வற்புறுத்தும் விதி இவர்களுக்கு ஒருவகையில் நல்லதே. அதை நடைமுறைப்படுத்தும் முறையில்தான் குறை இருக்கிறது. பாடவேளையின் நடுவில் ஐந்து நிமிடம் வெளியே சென்று திரும்பியவருக்குப் பல வகுப்புகளில் வருகை கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு எல்லார் முன்னிலையிலும் காரணம் கேட்கப்படுகிறது. அவமானப்பட்டும் வருகை கிடைக்காது என்றால், அன்று வராமலே இருந்துவிடலாம் என்று அவர் முடிவெடுப்பதில் வியப்பில்லை.

ஆகவே கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது பெரிய சலுகையன்று. கதவருகே ஓர் இருக்கை. ஓசையின்றி எழுந்து சென்று சில நிமிடங்களில் திரும்பிவர முன்கூட்டியே ஓர் அனுமதி. திரும்பி வந்தால் வருகை குறையாது என்ற உறுதி. விவரம் அறிந்த ஓர் ஆசிரியர். இவை நான்குக்கும் பணம் செலவில்லை.

“இதைப் பிறரும் தவறாகப் பயன்படுத்துவார்கள்” என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். மருத்துவச் சான்றும், மாதம் ஒருமுறை மறுஆய்வும் இருந்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது: வெளியே செல்வதே ஒரு தவிர்ப்பு ஆகாதா? ஆகும். அதனால்தான் திரும்பி வருவதை நிபந்தனையாக வைக்கிறேன். கதவருகே இருக்கை முதற்படி மட்டுமே. அடுத்த மாதம் இரண்டு வரிசை உள்ளே. பிறகு வெளியே செல்லாமல் தாக்குதல் அடங்கும்வரை இருக்கையிலேயே அமர்ந்திருத்தல் என்று சிகிச்சையாளரின் துணையோடு படிப்படியாக ஏற வேண்டும். ஊன்றுகோலை எப்போது கீழே வைப்பது என்ற திட்டத்துடனேயே கையில் தர வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. சிகிச்சை பெறுபவரின் விவரங்களை மறைவாகக் காக்க வேண்டிய கடமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவத் துறையினர்மீது சுமத்துகிறது. கல்லூரிக்குத் தரும் சான்றிதழில் என்னென்ன எழுதலாம் என்பதை மாணவரிடம் கேட்டே எழுதும்படி மருத்துவரிடம் நீங்கள் கோரலாம். தேவையான சலுகைகளை மட்டும் குறிப்பிட்டாலும் போதும். 100 மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. “உங்கள் கல்லூரியில் அவர் யார்?” என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

மாணவருக்குச் சில சொற்கள். தாக்குதல் தொடங்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். இது உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். மூச்சை ஆழமாக இழுக்க முயல வேண்டாம். மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். கரும்பலகையில் உள்ளதைக் கை நடுங்கினாலும் எழுதிக்கொண்டிருங்கள். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆனால் பீதியின்போது இரத்த அழுத்தம் பொதுவாகச் சற்றே உயர்வதால், உண்மையில் மயங்கி விழுவது அரிது. காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பியும், தேர்வுக் காலத்தில் தூக்கமின்மையும் படபடப்பைத் தூண்டும்; அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தாக்குதலுக்குப் பின் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை அவசியம். தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, ஆஸ்துமா, இதயத்துடிப்புக் கோளாறு ஆகியவையும் இதே வேடத்தில் வரக்கூடும். உழைக்கும்போதோ ஓடும்போதோ மார்வலி வந்தாலும், உண்மையிலேயே நினைவிழந்தாலும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். ஒருமுறை முறையாகப் பார்த்து ஐயம் தீர்ந்த பிறகு, புதிய அறிகுறி இல்லாமல் மாதந்தோறும் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருப்பது அச்சத்துக்குத் தீனி போடுவதாகவே முடியும்.

உளவியல் சிகிச்சையும் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் பாதியில் நிறுத்தவும் கூடாது. அல்பிரசோலம் போன்று உடனே அமைதி தரும் மாத்திரைகளை நண்பரிடமோ மருந்துக்கடையிலோ வாங்கி விழுங்குவது பழக்க அடிமைத்தனத்துக்கு வழிவகுக்கும். மந்திரித்துத் திருநீறு பூசுவது குடும்பத்துக்கு ஆறுதல் என்றால் அதை நான் தடுக்கமாட்டேன்; அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே கேட்கிறேன். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எழுந்தால் சிறிதும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

குணமாகி வருகிறதா என்பதை எப்படி அறிவது? “இந்த வாரம் எத்தனை முறை வந்தது?” என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். அக்கேள்வியை விட்டுவிடுங்கள். “இந்த வாரம் எத்தனை வகுப்பில் உட்கார்ந்தாய்?” என்று கேளுங்கள். தாக்குதல் வந்தும் வகுப்பை முடித்துவிட்டு வந்த நாளே முன்னேற்றத்தின் நாள். வீட்டிலிருந்ததால் தாக்குதல் வராத நாளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அடுத்த பருவம் தொடங்கும் வாரத்திலேயே மருத்துவரின் சான்றோடு வகுப்புப் பொறுப்பாசிரியரைச் சென்று பாருங்கள். வருகை விழுக்காடு 75க்குக் கீழே இறங்கிய பிறகு மன்றாடுவதைவிட அது எளிது. உங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.