கொள்ள ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால்

வேதநூல்களின் தோற்றம் குறித்துக் கிறித்தவரும் முஸ்லிம்களும் நடத்திவரும் வாதம் பல நூற்றாண்டுப் பழைமையுடையது. அவ்வாதத்தில் இரு தரப்பாரும் பெருங்கல்வியைக் காட்டியுள்ளனர். தளரா ஊக்கத்தையும் காட்டியுள்ளனர். அவர்கள் காட்டத் தவறியது ஒன்றுண்டு. பிறர் நூலை அளக்கும் கோலினாலேயே தம் நூலையும் அளக்கும் நேர்மையே அது. கொள்ள ஒரு மரக்காலும் கொடுக்க ஒரு மரக்காலும் வைத்திருக்கும் வணிகனை ஊர் ஏசும். வேதவிவாத மேடையிலோ அவனுக்கு மாலை விழுகின்றது.

இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது 1854ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் 11ஆம் நாள்களில் வட இந்தியாவின் ஆக்ரா நகரில் நடைபெற்ற பகிரங்க விவாதமாகும். ஒரு புறம் ஜேர்மானியரான மிஷனரி கார்ல் கொட்லீப் ஃபாண்டர். அவருக்குத் துணை, பின்னாளில் லாகூரின் முதற் பேராயரான தோமஸ் வால்பி ஃபிரெஞ்ச். மறுபுறம் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி. அவருக்குத் துணை, ஆங்கிலம் கற்ற வைத்தியர் முஹம்மத் வசீர் கான். வேதம் மாற்றப்பட்டமை, திரித்துவம், நபித்துவம், குர்ஆனின் தெய்விகம் முதலியனவாக ஐந்து பொருள்கள் விவாதத்திற்குக் குறிக்கப்பட்டிருந்தன. எனினும் முன்னைய வேதம் நீக்கப்பட்டதா, அதன் மூலபாடம் திரிபடைந்ததா என்னும் முதலிரண்டு பொருள்களோடு விவாதம் முறிந்தது. குர்ஆனின் முறை வருமுன்னரே மேடை கலைந்துவிட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரு நூல் அளக்கப்பட்டது, மற்றையது அளக்கப்படவேயில்லை.

ஃபாண்டர் தம் நூலுக்கு இட்ட பெயர் ‘மீஸானுல் ஹக்’, அதாவது உண்மையின் தராசு. கைரானவியோ அத்தராசை மேனாட்டாரின் கையாலேயே ஆட்டிக் காட்டினார். பைபிளின் நம்பகத்தன்மையை நிலைநாட்டும் பொருட்டு ஹோர்ன் முதலிய கிறித்தவ அறிஞர் எழுதிய நூல்களையே அவர் சான்றாக எடுத்தாண்டார். கைப்பிரதிகளில் பாடபேதங்கள் உள்ளன என்பதை ஃபாண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவை மூலக்கோட்பாட்டைத் தொடவில்லை என்பதே அவர் விடை. அவர் ஒப்புக்கொண்டது உண்மையே. யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் திரித்துவத்தைக் கூறும் தொடர் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. எராஸ்மஸ் 1516இல் அதனைத் தம் பதிப்பிற் சேர்க்கவில்லை; 1522இல் சேர்த்தார். மாற்கு சுவிசேஷத்தின் இறுதிப் பன்னிரண்டு வசனங்களும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் பிரதிகளிற் காணப்படவில்லை.

ஆயின் கைரானவியின் வழியில் வந்தோர் இக்கோலைத் தம் பக்கம் திருப்பினரா? இல்லை. அவர் 1864இல் அரபு மொழியில் முடித்த ‘இஸ்ஹாருல் ஹக்’ பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுப் பின்வந்த முஸ்லிம் விவாதிகளின் ஆயுதசாலை ஆயிற்று. பாடபேதம் உண்டெனின் வேதம் திரிபுற்றது என்பது அவர்தம் விதி. அவ்விதி பொதுவிதியாயின், கலீபா உதுமான் காலத்தில் ஸைத் இப்னு ஸாபித் முதலியோர் ஒழுங்குசெய்த பிரதியைத் தவிர ஏனையவற்றை எரிக்குமாறு கட்டளை பிறந்தது என்று ஹதீஸ் தொகுப்புகளே கூறுவதை என்னென்பது? தோழர்தம் பிரதிகளிடையே இருந்த வேறுபாடுகளைப் பத்தாம் நூற்றாண்டில் இப்னு அபீ தாவூத் தனிநூலாகவே தொகுத்துள்ளார். 936இல் மறைந்த இப்னு முஜாஹித் ஓதல்முறைகளை ஏழாக வரையறுத்தார். இன்றும் ‘ஹப்ஸ்’ ஓதலில் முதல் அத்தியாயத்தில் ‘மாலிக்’ என நெடிலாக வருவது, வட ஆபிரிக்காவில் வழங்கும் ‘வர்ஷ்’ ஓதலில் ‘மலிக்’ எனக் குறிலாகும். இவை நம்பிக்கையைக் குலைப்பன அல்ல எனின் நன்று; அதே சலுகை பிறர் நூலுக்கும் உரியதே.

கிறித்தவ விவாதிகளும் இதிற் சளைத்தவரல்லர். வில்லியம் டிஸ்டால் 1905இல் வெளியிட்ட நூலில், யூத மரபுக் கதைகளும் சபை ஏற்காத சுவிசேஷங்களும் குர்ஆனின் ஊற்றுகள் என வாதிட்டார். களிமண்ணாற் பறவை செய்து உயிரூட்டிய செய்தி அத்தகைய பழைய சுவிசேஷமொன்றிலும் உண்டு. ஆதலின் அது கடன் என்பது இத்தகைய வாதத்தின் முடிவு. நல்லது. ஆனால் 1872இலேயே ஜோர்ஜ் ஸ்மித் பபிலோனியக் களிமண் ஏடுகளில் பெருவெள்ளக் கதையைப் படித்தறிந்திருந்தார். முந்திய கதையோடு ஒத்திருத்தல் கடனாயின், நோவாவின் பேழை எக்கரையிற் சேரும்? இவ்வினாவை அவ்விவாதிகள் தம் அவையில் எழுப்புவதில்லை. இங்கிலாந்திலே பைபிளை ஆய்வுக்குட்படுத்திய கட்டுரைத் தொகுதி 1860இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர் இருவர் திருச்சபை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். வீட்டிலே குற்றமாயது வெளியிலே ஆயுதமாயிற்று.

அண்மைக் காலச் சான்றுகளும் இவ்வாறே சூறையாடப்படுகின்றன. 1972இல் சன்ஆப் பெரும் பள்ளிவாசலிற் கிடைத்த பிரதிகளுள் ஒன்றில், அழிக்கப்பட்ட அடியெழுத்து வழக்கிலுள்ள பாடத்தினின்றும் சிற்சில இடங்களில் வேறுபடுகின்றது. ஒரு சாரார் அதனைக் கொண்டாடுவர். அதன் மேலெழுத்து வழக்கிலுள்ள பாடத்தையே தருவதைச் சொல்லார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஏடுகளின் தோல் 568க்கும் 645க்கும் இடைப்பட்டதென 2015இல் அறிவிக்கப்பட்டது. நபிகாலச் சான்றென்று ஒரு சாராரும், நபிக்கு முந்திய நூலென்று மறு சாராரும் முழங்கினர். சோதனை அளந்தது விலங்கின் தோலையேயன்றி அதன்மேற் பட்ட மையையன்று என்பதை இரு சாராரும் வசதியாக மறந்தனர்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். குர்ஆன் சொல்லுக்குச் சொல் இறைவாக்கு என்பது முஸ்லிம்களின் கொள்கை. பைபிளோ தெய்வ ஏவுதலால் மனிதர் எழுதியது என்பது கிறித்தவர் கொள்கை. இயல்பில் வேறான இரண்டை ஒரே கோலால் அளத்தல் தகுமோ என்பர். பாடபேதத்தால் நம்பிக்கைக்கு எத்துணைப் பாதிப்பு என்பதை அவ்வேறுபாடு தீர்மானிக்கலாம். பாடபேதம் உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிக்கமாட்டாது. ஏட்டில் உள்ளது கொள்கையைக் கேட்டு மறைவதில்லை.

நேர்மையாக அளந்தால் சமயம் அழியும் என்னும் அச்சமும் ஆதாரமற்றது. 1881இல் திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு யோவான் நிருபத்தின் அத்தொடரை நீக்கியது. திரித்துவத்தைக் கொள்வோர் அதனைக் கைவிடவில்லை. இப்னு அபீ தாவூத் வேறுபாடுகளைத் தொகுத்தார். எவரது தொழுகையும் நின்றுவிடவில்லை. மெய்யான அறிஞர் தம் நூலின் வரலாற்றைத் தாமே எழுதினர். மறைத்தவர் விவாதிகளே. அறிஞன் வேண்டுவது தெளிவு. விவாதி வேண்டுவது கைதட்டல்.

வியப்புக்குரியது யாதெனின், இரண்டு நூல்களுமே இச்செயலைக் கடிந்துள்ளன. பையில் இருவகைப் படிக்கற்கள் வைத்திருத்தலை மோசேயின் சட்டம் தடுக்கின்றது. தாம் பெறும்போது நிறைய அளந்து, பிறர்க்குக் கொடுக்கும்போது குறைப்போருக்குக் குர்ஆனின் எண்பத்து மூன்றாம் அத்தியாயம் கேட்டையே அறிவிக்கின்றது. தம் வேதத்தைக் காக்கப் புறப்பட்டோர் அவ்வேதத்தின் கட்டளையையே முதலில் மீறுகின்றனர். ஆக்ராவில் முறிந்த விவாதம் இனி முடிவுற வேண்டுமாயின், அது எதிரியின் ஏட்டைப் புரட்டுவதால் முடியாது. ஒவ்வொரு தரப்பும் எதிரியின் கோலைத் தன் கையில் வாங்கித் தன் ஏட்டின்மீது வைக்கும் நாளிலேயே அது முடியும்.