ஃபைவ் ஸ்டார் ஹோட்டலில் ஒரு பேனர்காரர் மகள்!

போன வாரம் இந்தப் பக்கத்துல நான் ஆப்சென்ட். 'ஏன்?'னு நீங்க யாருமே கேட்கலை. பரவாயில்லை, நானே சொல்லிடறேன். மும்பைக்குப் போயிருந்தேன். தங்கினது எங்கே தெரியுமா? தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல்! கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்துல, கடலைப் பார்த்துக்கிட்டு, தலையில சிவப்பு டூம் வெச்சுக்கிட்டு நிக்குமே... அதேதான்!

'இன்டர்ன்ஷிப்புல அவ்ளோ காசு தர்றாங்களா?'னு பொறாமைப்படாதீங்க. காலேஜ் பசங்களுக்கான ஒரு டிசைன் போட்டி. ஃபைனலுக்கு வந்த டீம்களை நடத்தினவங்களே தங்க வெச்சாங்க. ரெண்டே ரெண்டு ராத்திரி. ரிசல்ட்டைக் கேட்காதீங்க, அது நமக்குள்ள இருக்கட்டும்!

உண்மையைச் சொல்லணும்னா, வாசல்லயே எனக்குக் கால் பின்னிடுச்சு. ஒருத்தர் ஓடி வந்து பையை வாங்கப் பார்க்க, நான் விடமாட்டேன்னு இழுக்க, பையோட ஜிப் ஜாம். உள்ளே இருந்து அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு எட்டிப் பார்க்குது. ரூமுக்குப் போனா, தண்ணி பாட்டில் இலவசமா, காசாங்கிற சந்தேகத்துல நானும் என் டீம்மேட்டும் ஒரு மணி நேரம் தாகத்தோட உட்கார்ந்திருந்தோம். (இலவசம்தானாம்!) யாராவது வந்து, 'ஏம்மா, உனக்கு இங்கே என்ன வேலை?'னு கேட்டுடுவாங்களோங்கிற பயம் மட்டும் போகவே இல்லை. இத்தனைக்கும் அங்கே ஒருத்தர்கூட என்னை அப்படிப் பார்க்கலை. பயம் என் செருப்புலதான் இருந்துச்சு.

அந்தப் பயத்தைப் போக்கினது ஏசியும் இல்லை, மெத்தையும் இல்லை... சுவர்!

தாஜ்ல எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒரு கலைப்பொருள் கண்ணுல படும். லாபி, படிக்கட்டு, காரிடார்னு எல்லா இடத்துலயும் ஓவியம், சிற்பம், பழைய நாற்காலி, விளக்கு. ஹுசைன், கைதோண்டே, ராம் குமார், ஜஹாங்கீர் சபாவாலான்னு பெரிய பெரிய கைகள் வரைஞ்சது எல்லாம் இந்த ஹோட்டல்கிட்ட இருக்கு. பல ஓவியங்கள் விலை எகிறுறதுக்கு முன்னாடியே வாங்கினது. எவ்வளவு எகிறுச்சுன்னு தெரியணுமா? 2015 டிசம்பர்ல கைதோண்டேயோட ஓவியம் ஒண்ணு 29 கோடி ரூபாய்க்கு மேல ஏலம் போச்சு. அந்த ஏலம் நடந்ததும் இதே ஹோட்டல்லதான்!

சரி, இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு மக்களே.

எங்கப்பா மதுரையில சினிமா பேனர் வரைஞ்சவர். நடிகரோட ஸ்டில்லுல சின்னச் சின்னக் கட்டம் போடுவார். துணியில அதையே பெரிய கட்டமா போட்டுக்குவார். அப்புறம் ஏணி மேல ஏறி, ஒவ்வொரு கட்டமா நிரப்பிக்கிட்டே வருவார். கிட்டக்க நின்னா வெறும் ரோஸும் நீலமுமா அப்பின மாதிரி இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தா, ஹீரோ முறைச்சுக்கிட்டு நிப்பார். நாம ஃபர்ஸ்ட் இயர்ல டிராஃப்டரைத் தூக்கிட்டு அலைஞ்சு கத்துக்கிட்ட 'ஸ்கேல்' சமாச்சாரம், அவருக்கு எட்டாங்கிளாஸ் படிப்புலயே கை வந்துடுச்சு.

இதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டதுதான். நான் பொறந்த சமயத்துலதான் ஃபிளெக்ஸ் பேனர் ஊரெல்லாம் பரவுச்சு. மெஷின் மணிக்கணக்குல அடிச்சுத் தள்ளினதும், ஏணி மூலைக்குப் போயிடுச்சு. அப்பா இப்போ நம்பர் பிளேட்டும் ஸ்டிக்கரும் பண்றார். ப்ளஸ் டூ முடிச்சதும் நான், 'ஓவியக் கல்லூரிக்கு அப்ளை பண்ணட்டுமா?'னு கேட்டேன். 'பிரஷ் பிடிக்கிறது என்னோட போகட்டும் பாப்பா'னு ஒரே வரிதான் சொன்னார். அடுத்த வாரம் இன்ஜினீயரிங் கவுன்சலிங். இதோ, மெக்கானிக்கல் மூணாவது வருஷம்.

தாஜுக்கு வருவோம். தங்கறவங்களுக்கு ஹோட்டலைச் சுத்திக் காட்டி, கதை சொல்றாங்க. நாங்களும் ஒட்டிக்கிட்டோம். ஜாம்ஷெட்ஜி டாடா கட்டின ஹோட்டல் இது. 1903 டிசம்பர்ல திறந்தாங்க. கேட்வே ஆஃப் இந்தியா கட்டி முடிச்சது 1924. அதாவது, ஹோட்டல்தான் அண்ணன்! நடுவுல பெரிய படிக்கட்டு ஒண்ணு சுவரைப் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல ஏறுது. அடியில தூணே இல்லை. நம்ம பாஷையில சொன்னா, கான்டிலீவர். பீம் கணக்குல அரியர் வெச்ச என் டீம்மேட் அதைப் பார்த்துக் கும்பிட்டா!

அப்புறம் அந்த நாலு நாள் கதை வந்துச்சு. 2008 நவம்பர் 26 ராத்திரி தொடங்கி 29 காலை வரைக்கும் இந்த ஹோட்டலுக்குள்ள தீவிரவாதிகள் இருந்தாங்க. எனக்கு அப்போ மூணு வயசு. ஹோட்டலுக்குள்ள மட்டும் 31 பேர் இறந்துபோனாங்க. விருந்தாளிகளைக் காப்பாத்தறதுக்காகவே நின்னு உயிரை விட்ட ஊழியர்களும் அதுல உண்டு. டூம் பக்கம் எரிஞ்சதை டி.வி-யில உலகமே பார்த்துச்சு.

நெருப்பு, புகை, தீயை அணைக்க அடிச்ச தண்ணி... மூணும் ஓவியத்துக்கு எமன். சுவர்ல இருந்த ஓவியங்கள் என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தப்பிச்சதையும் பாதிக்கப்பட்டதையும் பிரிச்சு, கரி படிஞ்சதை நிபுணர்கள் பொறுமையா சுத்தம் பண்ணி, சரியானதைத் திரும்ப மாட்டியிருக்காங்க. எரிஞ்ச பழைய கட்டடம் 2010 ஆகஸ்ட் 15 அன்னைக்குத் திரும்பத் திறந்துச்சு.

லாபியில ஒரு உலோக மரம் இருக்கு. 'ட்ரீ ஆஃப் லைஃப்'. செஞ்சவர் ஜெய்தேவ் பாகேல். பஸ்தர்ல இருக்கிற கொண்டாகாவ்ங்கிற ஊர்ல, தலைமுறை தலைமுறையா உலோகம் வார்க்கிற குடும்பத்துல வந்தவர். களிமண் மேல மெழுகுல உருவம் செஞ்சு, அதுக்கு மேல மறுபடியும் மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேத்தி, அந்த இடத்துல உலோகத்தை ஊத்தற வேலை. மெக்கானிக்கல் மக்களே, நாம இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்னு பத்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்றது இதைத்தான்! டூமுக்குக் கீழே இருந்த அந்த மரம், சுத்திலும் எல்லாம் இடிஞ்சும் எரிஞ்சும் அப்படியே நின்னுச்சாம். இறந்துபோன 31 பேரோட பெயர்களையும் அதோட சேர்த்து இப்போ நினைவுச்சின்னமா வெச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி நின்னப்போ, எங்க கும்பல்ல யாரும் செல்ஃபி எடுக்கலை. யாரும் வேண்டாம்னு சொல்லவும் இல்லை.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. பதினோரு மணிக்கு லாபிக்கு இறங்கி வந்தேன். ஹுசைனோட ஓவியத்துக்கு முன்னாடி நின்னு, டியூட்டியில இருந்த அண்ணன்கிட்ட எனக்குத் தெரிஞ்ச இந்தியில, 'வீடியோ கால் பண்ணிக்கவா?'னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டினார். அப்பாவுக்குப் போட்டேன்.

"என்ன பாப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லைப்பா. இதைப் பாருங்க."

போனைத் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நெட் போயிடுச்சோன்னு பார்த்தேன். போகலை.

"கொஞ்சம் கிட்டக்கக் காட்டு... இப்போ பின்னாடி போ... இன்னும் பின்னாடி. ம்ம். கோடு பாரு, ஒரே இழுப்பு. ரெண்டாவது தடவை தொடவே இல்லை. யாருடா இந்த ஆளு?"

"ஹுசைன்ப்பா. பெரிய ஓவியர். 2011-ல இறந்துட்டார். சின்ன வயசுல இதே பாம்பேயில சினிமா பேனர் வரைஞ்சவர்."

மறுபடியும் சத்தமில்லை. அப்புறம் சொன்னார்: "அப்போ ஏணி ஏறின ஆளுன்னு சொல்லு!"

அந்தக் குரல்ல ஒரு சந்தோஷம் இருந்துச்சு பாருங்க... நான் ஸ்டேட் ரேங்க் எடுத்திருந்தாக்கூட வந்திருக்காது. நான் விடலை. "உங்க பேனர் ஏதாவது ஒண்ணாவது இருக்காப்பா? போட்டோவாவது?"

"எங்கே இருக்கும்? படம் மாறினா அதே துணியில வெள்ளை அடிச்சு அடுத்த படம் வரைவோம். போட்டோ எடுக்கிற காசுக்கு ரெண்டு டப்பா பெயின்ட் வாங்கலாம். நீ தூங்கு பாப்பா."

கால் கட் ஆயிடுச்சு. நான் மட்டும் அங்கேயே நின்னுக்கிட்டிருந்தேன். குண்டு வெடிச்சு, நெருப்புப் பிடிச்ச கட்டடத்துல இருந்த ஓவியத்தை ஒண்ணொண்ணா துடைச்சுக் காப்பாத்தியிருக்காங்க. அது பெரிய விஷயம், கண்டிப்பா பண்ண வேண்டிய வேலை. ஆனா, ஒரு நெருப்பும் பிடிக்காமலே எங்கப்பாவோட இருபது வருஷ வேலை மொத்தமும் காணாமப் போயிருக்கு. அழிச்சது யாரும் எதிரி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை! வீட்டுல இருந்த நானும் ஒரு நாள்கூட, 'என்ன வரைஞ்சீங்க?'னு கேட்டதில்லை. அதைக் கேட்கிறதுக்கு மும்பை வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

மறுநாள் ரயிலுக்கு நேரம் இருந்துச்சு. தாஜ்ல இருந்து நடந்தே போகிற தூரத்துல, காலா கோடாவுல ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி இருக்கு. 1952-ல திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஹோட்டல் ரூம் போட வசதி இல்லாத நமக்கும் அங்கே கதவு திறந்துதான் இருக்கும். மும்பை போனா விட்டுடாதீங்க. 'எனக்கு மாடர்ன் ஆர்ட் புரியாதே'னு பயப்பட வேண்டாம். அப்பா சொல்லிக் கொடுத்த ஃபார்முலா இதோ: முதல்ல கிட்டக்கப் போங்க, கை எப்படிப் போயிருக்குன்னு பாருங்க. அப்புறம் பின்னாடி வாங்க, என்ன தெரியுதுன்னு பாருங்க. அவ்ளோதான், வைவா கிடையாது!

ஊருக்கு வந்ததும் முதல் வேலையா அப்பாவை டி.வி.எஸ் ஃபிஃப்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பழைய சுவர்ல அவர் வரைஞ்ச பனியன் விளம்பரம் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. பாதி உதிர்ந்து, மீதியில தேர்தல் போஸ்டர். கீழே மூலையில அவர் கையெழுத்து மட்டும் தெளிவா இருக்கு. கிட்டக்க நின்னு ஒண்ணு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒண்ணுன்னு போட்டோ எடுத்தேன். 'இதைப் போய் எடுக்கிறே'ன்னு திட்டினார். ஆனா, திட்டிக்கிட்டே சட்டை காலரைச் சரி பண்ணிக்கிட்டு சுவர் பக்கத்துல வந்து நின்னார்.

உங்க தெருவுலயும் அப்படி ஒரு சுவர் இருக்கலாம். யாராவது வெள்ளை அடிக்கிறதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்துடுங்க. கீழே மூலையில இருக்கிற பெயரோட சேர்த்து!

அடுத்த வாரம் சந்திப்போம். இன்டர்னல்ஸ் இருக்கு... கொஞ்சம் வேண்டிக்குங்க, ப்ளீஸ்!