அவசரக்காரக் கடலை

கொண்டைக்கடலை அடிப்படையில் குளிர்நாட்டுப் பயிர். துருக்கியின் தென்கிழக்கிலும் அதை ஒட்டிய சிரியாவிலும் பிறந்து, பஞ்சாப், உத்தரப் பிரதேச வயல்களில் நீண்ட குளிர்காலத்தை அனுபவித்து, ஐந்து மாதம் நிதானமாக வளர்ந்து பழகியது. அதை வெயிலுக்குப் பெயர்போன ஆந்திராவின் கரிசல் காட்டில் விளைய வைத்தது ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-ல் அமைந்த இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. பி.டி. பருத்தி பற்றி நாடு ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் நடந்த காரியம். மரபணு மாற்றம் எதுவும் இல்லை. ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவும் பழைய வேலைதான்.

தெற்கே வந்தது கடலையின் விருப்பமல்ல. பசுமைப் புரட்சியில் பாசனம் கிடைத்த வட இந்திய வயல்களைக் கோதுமை பிடித்துக்கொண்டது. பருப்பு வகைகள் துரத்தப்பட்டன. மிச்சமிருந்த இடம் மத்திய இந்தியாவும் தக்காணமும். ஆனால் இங்கே குளிர்காலம் என்பது பெயருக்குத்தான். மழை ஓய்ந்து அக்டோபரில் விதைத்தால், மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் பயிர் பிழைக்க வேண்டும். பிப்ரவரி பிறந்தால் ஈரமும் இருக்காது, குளிரும் இருக்காது. நிதானமாக வளரும் வடநாட்டு ரகம் பூத்துக் காய் பிடிப்பதற்குள் காய்ந்தே போகும்.

விஞ்ஞானிகள் கண்ட வழி, வறட்சியோடு மோதாமல் அது வருவதற்கு முன் ஓடிவிடுவது. அதற்குச் சீக்கிரம் பூக்கும் செடி வேண்டும். சோயாவின் கதை இதற்கு நேர் எதிர். பகல் நேரம் குறைவாக உள்ள வெப்ப மண்டலத்தில் சோயா அவசரப்பட்டுப் பூத்து, குள்ளமாகவே நின்றுவிடும். பிரேசில் விஞ்ஞானிகள் அதன் இளமைப் பருவத்தை நீட்டிப் பூப்பதைத் தாமதப்படுத்திய பிறகே அந்நாட்டின் வெப்பப் புல்வெளிகளில் சோயா பரவியது. அங்கே அவசரக்காரனை நிதானமாக்கினார்கள். பட்டான்செருவில் நிதானக்காரனை அவசரப்படுத்தினார்கள்.

அப்படி வந்ததுதான் ஐ.சி.சி.வி. 2. கிட்டத்தட்ட 85 நாளில் அறுவடை. 1989-ல் ஆந்திராவில் 'சுவேதா' என்ற பெயரில் வெளியானது. மியான்மருக்குப் போய் 'யெசின் 3' ஆனது. 1999-ல் ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஜே.ஜி. 11 வந்தது. ஆந்திராவைப் பிடித்தது அதுதான்.

சீக்கிரம் விளைந்தால் மட்டும் போதாது, வாடல் நோயையும் தாங்க வேண்டும். மண்ணிலிருக்கும் பூஞ்சை வேர் வழியே ஏறி, நன்றாக இருந்த செடியைச் சாய்த்துவிடும். இதற்காக பட்டான்செருவில் ஒரு 'நோய் வயல்' வைத்திருக்கிறார்கள். எந்த விவசாயியும் தன் நிலத்தில் பார்க்க விரும்பாத பூஞ்சையை வேண்டுமென்றே வளர்த்து, சோதிக்க வேண்டிய ரகங்களை அதில் விதைப்பார்கள். நடுநடுவே ஜே.ஜி. 62 என்ற பழைய ரகத்தை வரிசையாக நடுவார்கள். அதன் வேலை செத்துப்போவது. அது முழுவதும் வாடினால்தான் வயலில் நோய் சரியாகப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வரிசையில் பச்சையாக நிற்பது எதுவோ அதற்கு அடுத்த சுற்று. ஆய்வுக்கூடத்தைவிட இந்த வயல்தான் கறாரான பரீட்சை.

பலன் சாதாரணமானதல்ல. 2000-க்கும் 2009-க்கும் இடையில் ஆந்திராவில் கடலை சாகுபடிப் பரப்பு சுமார் ஒரு லட்சம் ஹெக்டேரிலிருந்து ஆறு லட்சமானது. ஹெக்டேருக்கு 600 கிலோவைக்கூட எட்டாத மகசூல் 1,400 கிலோவானது. பிரகாசம், கர்னூல் மாவட்டங்களில் புகையிலையும் பருத்தியும் இருந்த நிலங்களுக்குக் கடலை வந்தது. நிலக் குத்தகையும் கூடவே ஏறியது.

பிறகு விலை இறங்கியது. 2013 வாக்கில் பிரகாசம் மாவட்டக் குளிர்பதனக் கிடங்குகளில் மூட்டைகள் விற்காமல் தேங்கின. அவற்றின் மேல் வாங்கிய வங்கிக் கடனுக்கு வட்டி ஏறியது. பூஞ்சையைத் தாங்கிய ரகத்தால் இதைத் தாங்க முடியவில்லை. உலகிலேயே அதிகமாகக் கடலை விளைவிப்பதும் தின்பதும் இந்தியாதான். ஆனாலும் விலை விழும்போது இறக்குமதி வரியை ஏற்றி, விலை ஏறும்போது இறக்குவது டெல்லியின் வழக்கம். 2018-ல் 60 சதவீதமாக இருந்த வரி, 2024 மே மாதம் நாட்டுக் கடலைக்கு அடியோடு நீக்கப்பட்டது. அக்டோபரில் விதைப்பவர் மார்ச்சில் என்ன வரி இருக்கும் என்று எப்படிக் கணிப்பார்?

விதை விஷயத்திலும் அரசை விட்டால் ஆளில்லை. கடலை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. விளைந்ததில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த ஆண்டு விதைத்துக்கொள்ளலாம். விவசாயிக்கு லாபம், விதைக் கம்பெனிக்கு நஷ்டம். தவிர, ஹெக்டேருக்கு 75 முதல் 100 கிலோ விதை தேவை. ஒரு ஹெக்டேர் விளைச்சல் முழுவதையும் விதையாக்கினாலும் அடுத்த ஆண்டு பதினைந்து, இருபது ஹெக்டேருக்கு மேல் வராது. சோளத்துக்கு ஹெக்டேருக்குப் பத்து கிலோ போதும் என்பதோடு ஒப்பிட்டால், நல்ல கடலை ரகம் ஏன் ஆமை வேகத்தில் பரவுகிறது என்பது புரியும். பொதுப்பணம் போட்டு விதை பெருக்காவிட்டால் புதிய ரகம் ஆராய்ச்சி நிலைய வேலிக்குள்ளேயே நின்றுவிடும்.

புதிய ரகத்துக்கோ அவசியம் கூடிக்கொண்டே போகிறது. பூக்கும் பருவத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் கடலையின் மகரந்தம் செத்துவிடுகிறது. சூல்முடி அதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பட்டான்செருவில் இதற்கும் ஒரு பரீட்சை வைத்தார்கள். எந்த விவசாயியும் விதைக்காத பிப்ரவரியில் விதைத்து, ஏப்ரல் வெயிலில் யார் காய் பிடிக்கிறார் என்று பார்த்தார்கள். தேறியவற்றில் ஒன்று 2009-ல் ஜே.ஜி. 14 என்ற பெயரில் வெளியானது. அது இப்போது கிழக்கு இந்தியாவில் நெல் அறுத்த வயல்களில் தாமதமாக விதைக்க உதவுகிறது. பாசனம் வந்து வடக்கிலிருந்து துரத்தப்பட்ட பயிர், தெற்கே கற்ற அவசரத்தோடு மீண்டும் கங்கைச் சமவெளிப் பக்கம் போயிருக்கிறது.